பேசினால் கேட்க வேண்டும்

பழைய செல்போன்களைச் சரிசெய்து விற்கும் கடை அது. ஏற்கெனவே இரண்டு போன்களைச் சோதித்து உதட்டைப் பிதுக்கிவிட்ட ஆபீஸ் கிளார்க், மூன்றாவதைக் கையில் எடுத்தார்.

"திரை பளிச்சுனு இருக்கு. சார்ஜ் நிக்குமா?"

"ரெண்டு நாள் அசையாம நிக்கும் சார்!" என்றார் விற்பனையாளர்.

கிளார்க் தன் சிம்மைப் போட்டு ஆபீஸ் நண்பரை அழைத்து, ஸ்பீக்கரைத் தட்டினார்.

"நான் பேசறது கேக்குதாப்பா?"

"ஹலோ... ஹலோ... என்னப்பா, ஒண்ணுமே கேக்கல!" என்று கத்தினார் நண்பர்.

விற்பனையாளரின் முகம் தொங்கிப்போனது. "மைக் போயிருக்கு சார். எப்படியோ எங்க கண்ணுல படாம போச்சு. வேற எடுத்துத் தரேன்."

"ஐயையோ, வேணாம்! இதையே கிஃப்ட் பேப்பர்ல சுத்திக் குடுங்க."

"சார், இதுல பேசினா யாருக்கும் கேக்காதே!"

"கேக்கக் கூடாது! எங்க மேனேஜருக்கு நாளைக்குப் பிறந்தநாள். லீவு நாள்லகூட போன் போட்டு உயிரை வாங்கறார். அதான் ஆபீஸே சேர்ந்து இந்தப் பரிசைக் குடுக்கறோம்."

பேப்பரை எடுக்கப்போன விற்பனையாளர் நின்றார். போனை மெல்ல வாங்கி, டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

"மன்னிச்சுக்கோங்க சார், இது விக்கறதுக்கில்ல. எங்க முதலாளிக்கும் அடுத்த வாரம் பிறந்தநாள் வருது!"