பாலத்துக்கு அந்தப்பக்கம்

சமையலறை மேசையில் ஜன்னலோரம் டார்லா, எதிரே அவள் கணவன் எமெட், இருவர் காலடியிலும் கிழட்டு நாய். காலை வெயில் காபிக் கோப்பையின் விளிம்பில் நிற்கிறது. வாகன நிறுத்தத்தில் ஒருவன் தன்னைத் தாக்கிய நாளிலிருந்து டார்லா கைத்துப்பாக்கி இல்லாமல் தனியே எங்கும் போவதில்லை. அதை வைத்திருக்க அவள் மாநிலமான பென்சில்வேனியா தந்த உரிமம் ஆற்றுக்கு அக்கரையில், நியூ ஜெர்சியில், செல்லாது, பிடிபட்டால் சிறை. போன சனிக்கிழமை பேத்தியைப் பார்க்கக் கிளம்பியவளுக்குப் பாதிப் பாலத்தில்தான் துப்பாக்கி கைப்பையில் கிடப்பது நினைவுக்கு வந்தது. அக்கரையில் வண்டியைத் திருப்பி, குழந்தை முகத்தைப் பாராமலே வந்துவிட்டாள். உரிமத்தை எல்லா மாநிலங்களும் ஏற்கச் சட்டம் வேண்டுமென்று தலைநகர் வாஷிங்டனில் இருக்கும் தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு அவள் எழுதிய கடிதத்தை எமெட் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசிக்கிறான். “அவங்க மாநிலத்துக்கு அவங்கதான் சட்டம் போடணும். நடுவுல வாஷிங்டன்காரன் யாரு?” என்கிறான். “நம்ம கல்யாண உரிமம் மட்டும் அங்க செல்லுதே.” “அது யாரையும் சுடாது.” “உன்கூட முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவளைக் கேளு, தெரியும்.” அவனுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அவள் எழுத மறந்த தேதியை மேலே எழுதுகிறான். “ஒரு வரிகூட எனக்கு ஒப்பலை. ஆனா நல்லா எழுதியிருக்க.” காகிதத்தை மடிக்கும் அவள் விரல்கள் மேல் தன் கையை வைக்கிறான். “வர்ற சனிக்கிழமை துப்பாக்கியை வீட்டுல பூட்டிடு. நான் வர்றேன். பாப்பா வீட்டு வாசல்வரை உன் பக்கத்துலயே நடக்கறேன்.” “சரி” என்று அவள் கடிதத்தை உறைக்குள் இடுகிறாள். உறையை நாக்கால் நனைத்து ஒட்டுகிறவன் அவன்தான். வாசலோரத் தபால்பெட்டிக்குள் அதை வைத்துவிட்டு, எடுத்துப்போக வேண்டிய கடிதம் இருப்பது தபால்காரருக்குத் தெரியும்படி பெட்டியின் சிவப்புக் கொடியை நிமிர்த்துகிறான்.