பதினாறு நாள் வெந்நீர்

இப்போதெல்லாம் ஹீட்டர் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் மனிதர்கள் குளிக்கப் போகிறார்கள். வெட்கமே இல்லை. கரண்ட்டை மிச்சம் பிடிக்க அரசாங்கம் வைத்த அளவு, ஹீட்டரில் விரல் ரேகை பதிந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வாளி வெந்நீர். ரேகையைக் கொடுத்தவன் பிறகு எதைக் கேட்டாலும் கொடுப்பான். நான் கொடுக்கவில்லை. குன்னூர்க் குளிரில் ஆறு வருஷமாகப் பச்சைத் தண்ணீர்தான்.

மகள் தமயந்தி பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுடைய வாளி பிள்ளை பெற்ற உடம்புக்கே போதவில்லை. இன்று பிள்ளைக்கு முதல் குளியல். புது கரண்ட் அடுப்போ பெரிய பாத்திரத்தைக் கண்டாலே அணைந்துவிடுகிறது.

"பேரு பதிஞ்சா பாப்பாவுக்கும் ஒரு வாளி வரும்ப்பா."

"பொறந்து பதினாறு நாள் தீட்டு கழியாம பேரா? அந்த டப்பாவுக்காக நாளை மாத்தணுமா?"

"அப்ப அழுக்கோட கெடக்கட்டும். தாத்தா வீம்பு ஜெயிக்கட்டும்."

பிள்ளையின் பாதத்தைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

போய் ஹீட்டரில் விரலை வைத்தேன். தேயிலை கிள்ளித் தேய்ந்த விரல், மூன்றாம் தடவைதான் பிடித்தது.

தமயந்தி காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டுக்கொண்டாள். நான் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

"நாளைக்கும் விரல் வைப்பீங்களாப்பா?"

"பதினாறு வரைக்கும். அப்புறம் என் ரேகையை அழிச்சிடச் சொல்லு."

"ஒரு தடவை பதிஞ்சா அழிக்க மாட்டாங்கப்பா."

"அது விரல் வைக்கும்போதே எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன்.