சாய்மானம்

பத்து வருஷம் இன்னொருத்தி வீட்டில் இருந்த தணிகாசலம், பக்கவாதத்தில் வலது கை விழுந்ததும் மனைவி அம்சவேணியிடம் திரும்பி வந்தார். போகும்போது எடுத்துப்போன பித்தளை ரேசரும் கூடவே வந்தது. பிடியைத் திருகினால், பிளேடு வைக்கிற தலை இரண்டாகத் திறக்கும். கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா மாப்பிள்ளைக்கென்று வாங்கிக் கொடுத்தது. அந்த நாளில் அவள் அதைக் கழுவி வைக்கப் போனாலே, “பொம்பள தொடுற சாமானா அது?” என்று பிடுங்கிக்கொள்வார்.

இப்போது அதில் புது பிளேடு போட்டு, அவரைக் கொல்லைப்புறத்தில் முக்காலியில் உட்காரவைத்து, நுரை பூசி, எதிரே நின்று மழிக்க ஆரம்பித்தாள். கன்னம் வரைக்கும் சரியாகத்தான் போனது. கழுத்துக்கு வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டு, வெகுநாள் பழக்கம்போல, தலையைப் பின்னால் சாய்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. தலை அந்தரத்தில் நின்றது. இடது கை முதுகுப் பக்கம் போய் ஒரு புடவையைத் துழாவியது.

“பின்னாடி வந்து நில்லேன்,” என்று குழறினார்.

அம்சவேணி நகரவில்லை. நுரை பூசிய தொண்டை அவள் முன்னால் ஏறி இறங்கியது. இந்த ரேசர் மேலாகக் கீறும், அவ்வளவுதான், ஆழமாக இறங்காது. அப்பா பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்.

“அவ எவ்வளவு கிட்ட நிப்பா?” என்று கேட்டாள்.

அவர் கண்ணைத் திறந்தார். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.