பலகை முகத்தார்

கொஞ்சம் கிட்ட வந்து இருங்கோ. இது சத்தம் போட்டுச் சொல்லுற கதையில்லை.

2004 கோடை. நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறின இந்தப் பனி நாடு. ஜான்-டலோன் சந்தைக்குப் பின்னாலை எங்கடை முதலாளி அருமைநாதன்ரை மரக்கறி அடுக்கிற கிட்டங்கி. அதின்ரை பக்கச் சுவர் நல்ல நீளம். அந்தச் சுவரிலை படம் கீற, றமோன் எண்டொரு ஆள் லொஸ் ஏஞ்சலிஸிலை இருந்து வந்தான். மெக்சிக்கோ வழி வந்த அமெரிக்கன். தங்களைச் சிக்கானோ எண்டு சொல்லுவினம்.

"எங்கடை சனத்தின்ரை முகத்தை ஒரு மண்டபத்திலையும் மாட்டினதில்லை. அதாலை தெருச் சுவரிலை பெரிசாக் கீறப் பழகினம்," எண்டான். "எந்த ஊருக்குப் போனாலும் அங்கை வேலை செய்யிற ஆளைத்தான் நடுவிலை வைப்பன்."

சொன்னபடி செய்தான். ஒரு கிழமை கிட்டங்கிக்குள்ளை சுத்தித் திரிஞ்சான். பேந்து ஏணி வைச்சு ஏறினான். சூரியன், சோளக்கதிர், தக்காளிப் பெட்டியள். நடுவிலை, ஆளிலும் ரெண்டு மடங்கு பெரிசா, தக்காளி தரம் பிரிக்கிற சிவமலர். ஏப்ரன், கையிலை காப்பு, மூக்குத்தி, எல்லாம் அச்சொட்டா.

"எடியே, உன்னை மாதாவைப் போலக் கீறியிருக்கிறான்! சனிக்கிழமை திறப்புவிழா. ரீவியிலை வேறை வரப்போறாய்!" எண்டு றோசா கையைத் தட்டினாள். றோசா அவளுக்குப் பக்கத்திலை நிண்டு வேலை செய்யிறவள். வாய் கொஞ்சம் நீளம்.

சிவமலர் ஒருக்கா நிமிந்து பார்த்தாள். முகம் வெளிறிப்போச்சு. அடுத்த நாள் வேலைக்கு வரேல்லை.

"வெக்கப்படுறாள்," எண்டாள் றோசா.

அண்டைக்குப் பின்னேரம் அருமைநாதன் ஏணிக்குக் கீழை வந்து நிண்டார்.

"தம்பி, அந்த முகம் வேண்டாம். அந்த இடத்திலை என்ரை முகம் வரவேணும்."

றமோன் தூரிகையை வாளிக்குள்ளை போட்டான். "முதலாளிக்காக ஒரு தொழிலாளியின்ரை முகத்தை நான் அழிச்சதில்லை. அழிக்கவும் மாட்டன்."

"சுவர் என்ரை."

"அப்ப சுவரை இடியுங்கோ."

பார்த்துக்கொண்டு நிண்ட வேலையாக்கள் எங்களுக்குப் பத்திக்கொண்டு வந்துது. தக்காளிக்கு அவள் வேணும், சுவருக்கு வேண்டாமோ?

அருமைநாதன் கோவிக்கேல்லை. றமோனை உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போனார். ஒரு கோப்பி குடிக்கிற நேரம். வெளியிலை வந்த றமோன் ஆரையும் பார்க்கேல்லை.

"ஒரு பலகை கொண்டு வாங்கோ," எண்டான்.

அந்தப் பலகையிலை அருமைநாதன்ரை முகத்தை மீசையோடை கீறி, சிவமலற்றை முகத்துக்கு மேலை வைச்சு, நாலு மூலையிலும் திருகாணி போட்டு இறுக்கிவிட்டான். கழுத்துக்குக் கீழை ஒண்டையும் தொடேல்லை. ஏப்ரன் அப்பிடியே. காப்பும் அப்பிடியே.

சனிக்கிழமை நகரசபை ஆக்கள், பேப்பர்காரர், ரீவிக்காரர் எல்லாரும் வந்தினம். அருமைநாதன் கோட்டுப் போட்டு முன்னுக்கு நிண்டு பல்லைக் காட்டினார்.

"காப்பு வடிவாயிருக்கு அண்ணை! மூக்கும் குத்திவிடுவமோ?" எண்டு றோசா எல்லாருக்கும் கேக்கத்தக்கதாக் கேட்டாள்.

"குத்தலாம் பிள்ளை," எண்டு அவரும் சிரிச்சார்.

சிவமலர் திங்கள்தான் வேலைக்கு வந்தாள்.

அதுக்குப் பிறகு கோயிலிலை, சந்தையிலை எல்லாம் அவருக்குப் பேர் 'பலகை முகத்தார்'. பூசை முடிஞ்சு வரேக்கை பின்னாலை நிண்டு கூப்பிடுவினம். அவர் திரும்பிக் கையும் காட்டுவார். றோசா அவருக்கு முகம் குடுக்கிறதில்லை. கதைச்சாலும் ஒரே முறைப்பாடு.

"நிண்டு நிண்டு சீமெந்துக் குளிர் முழங்காலுக்கு ஏறுது. முதலாளியின்ரை முகத்துக்குப் பலகை இருக்கு. எங்கடை காலுக்குத்தான் இல்லை."

ரெண்டு பனிக்காலம் போச்சு. மே மாசம் ஒரு காலமை, அருமைநாதன் ஏணியைச் சாத்தி ஏறுறார். கீழை ஏணியைப் பிடிச்சுக்கொண்டு சிவமலர்.

"என்ன, மீசைக்கு மை பூசப் போறாரோ?" எண்டாள் றோசா.

சிவமலர் மடிச்ச கடிதம் ஒண்டை நீட்டினாள்.

"என்னடி இது?"

"நான் இந்த நாட்டிலை இருக்கலாமாம் அக்கா. நேற்றுத்தான் வந்தது. அந்தக் கோடையிலை குடிவரவுக்காரர் என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிப்போட்டாங்கள். பழைய வீட்டுக்குத் தேடியும் வந்தவங்கள். இது அண்ணைக்கும், அவர் சொல்லி றமோனுக்கும் மட்டும்தான் தெரியும். ரீவியிலை என்ரை முகம் வரப்போகுது எண்டு அவரிட்டைப் போய் அழுதனான். 'நீ அழாதை, அழிக்காமல் மறைப்பம்' எண்டார்."

றோசா கடிதத்தை மடிச்சு அவளிட்டைக் குடுத்திட்டுத் தானும் ஏணியைப் பிடிச்சாள்.

மேலை நாலாவது திருகாணி கழண்டுது. சுத்திவர இருந்த நிறமெல்லாம் வெயிலிலையும் பனியிலையும் மங்கிப்போச்சு. சிவமலற்றை முகம் மட்டும் நேற்றுக் கீறினதுபோல.

அருமைநாதன் இறங்கினார். தன்ரை முகத்தைக் கக்கத்திலை இடுக்கிக்கொண்டு உள்ளுக்கை போனார். றோசா நிண்டு வேலை செய்யிற இடத்திலை, அந்தக் குளிர்ச் சீமெந்திலை, அதைக் குப்புறப் போட்டார். ஆடுதோ எண்டு காலாலை ஒருக்கா அமத்தியும் பார்த்தார்.