மெயிலில் கேட்ட மன்னிப்பு

மூட்டை தூக்கிய முதுகு விண்விண்ணென்று தெறிக்க வீடு வந்தவன், கனவு காண்பவன்போல் நின்றான். இரண்டு நாளாக முகம் கொடுக்காதிருந்த மனைவி ஒத்தடத்துக்கு வெந்நீர் வைத்திருந்தாள்.

"எங்க அண்ணன் எதிர்ல என்னைத் திட்டினதுக்கு நேர்ல மன்னிப்புக் கேக்க வாய் வரல. மெயில்ல மட்டும் உருகுறீங்க!"

வீட்டிலும் அவன் மூட்டை தூக்கும் கிடங்கிலும் இருவருக்கும் ஒரே மெயில் கணக்கு. அவள் அனுப்பாமல் எழுதி வைப்பாள். அவன் கிடங்குக் கணினியில் அதைத் திறந்து அதன் அடியிலேயே பதில் எழுதுவான்.

வெந்நீரின் ஆவியில் மிதந்தபடி, எந்த மெயில் என்று கேட்பதற்குள் தூங்கிப்போனான்.

காலையில் கிடங்கில் எடைபோடும் அக்கா கேட்டாள்: "வீட்ல தங்கச்சி சமாதானமாச்சா?"

"உங்களுக்கு யாரு சொன்னாக்கா?"

"நேத்து மெயிலை மூடாமப் போயிட்டே. அது அழுது எழுதினதைப் பாத்தேன், மனசு கேக்கல. பதில் நான்தான் எழுதினேன், மண்டு!"

முதுகில் ஒத்தடத்தின் சூடு இன்னும் இருந்தது. மனைவியிடம் அவன் கேட்க வேண்டிய மன்னிப்பும் அப்படியே பாக்கி இருந்தது.