விசாரணையில் சொன்னது

இன்னாசி ஓட்டிவந்த நீராவி எஞ்சின், வளைவில் தண்டவாளத்துக்குச் சம்மட்டியால் ஆணி அடித்துக்கொண்டிருந்த கேங்மேன் சடையன் மீது ஏறிவிட்டது. வளைவுக்கு முன் விசில் ஊத வேண்டும். அவர் ஊதவில்லை. ஃபயர்மேன் கரி அள்ளும் ஷவலை எஞ்சின் நெருப்பில் காட்டிப் பொரித்துக்கொடுத்த முட்டையை அவர் தின்றுகொண்டிருந்தார். விசாரணையில் இருவரும் விசில் ஊதியதாகச் சொன்னார்கள். அது அப்படியே எழுதப்பட்டது.

மூன்று மாதம் கழித்து, சடையனின் மனைவி வேலாத்தாள் இன்னாசியைத் தேடி எஞ்சின் ஷெட்டுக்கு வந்தாள்.

“அவருக்குக் காது நல்லாக் கேக்குமுங்க. விசில் கேட்டும் நவுரலைன்னா, வேணும்னுதான நின்னிருக்காரு? அன்னிக்குக் காலையில ‘செத்துத் தொலை’ன்னு நான்தான் சொன்னேன்.”

தன் பொய் சடையன் வீடுவரை போகும் என்று இன்னாசி நினைத்ததே இல்லை.

“இல்ல தாயி. நான் விசிலே ஊதல. பொய் சொல்லிட்டேன். அவர் சாவுக்கு நான்தான் காரணம்.”

வேலாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“என் மனசு ஆறோணும்னு பழிய உங்க தலையில போட்டுக்கறீங்க. நீங்க நல்லா இருக்கோணும்” என்று கும்பிட்டாள்.

“சத்தியமாச் சொல்றேன் தாயி” என்று இன்னாசி பின்னாலேயே போனார். அவள் திரும்பாமல் கேட்டைத் தாண்டி, தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து போனாள்.