பச்ச பத்திக்கிட்டுத்தான் இரிக்கி

ஊரே சாய்ந்தமருதுக் கடற்கரையில் கூடி நின்றது. றுக்ஸானா மட்டும் அடுப்படியில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். புருஷன் ஸஹீதுக்குத் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சும் பாலாணம் என்றால் உயிர். ஊர் சும்மா இருக்குமா? இவளுக்கு நெஞ்சு கல்லோ என்று கதைக்கத்தான் செய்தது.

நேற்றுப் பகல் கிளம்பிய காற்று இன்னும் அடங்கவில்லை. இரண்டு வள்ளங்கள் கரை சேரவில்லை. ஒன்று ஸஹீதுடையது, மற்றது பக்கத்து வீட்டு ஸுஹைறாவின் புருஷன் ஸைனுலாப்தீனுடையது.

"உனக்குப் பயமே இல்லையா புள்ள?" ஸுஹைறா வாசலில் நின்று விம்மினாள்.

"அல்லாஹ் இரிக்கான் ராத்தா. இந்தா, இதும் இரிக்கி." றுக்ஸானா ஜன்னலோரத்துப் பெட்டியைக் காட்டினாள். "பாருங்க, பச்ச பத்திக்கிட்டுத்தான் இரிக்கி."

அந்தப் பெட்டி அவளுடைய தம்பி அஹ்ஸன் செய்தது. கல்முனையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். வள்ளத்தில் ஒரு பெட்டி, வீட்டில் ஒரு பெட்டி. வள்ளத்துச் சிக்னல் வந்துகொண்டிருக்கும்வரை இங்கே பச்சை எரியும், வராவிட்டால் அணைந்துவிடும்.

நேற்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அது அணைந்துதான் போனது. றுக்ஸானா தம்பிக்குப் போன் அடித்தாள். அஹ்ஸன் ஓடிவந்து பெட்டியைத் திறந்தான். உள்ளே சர்க்கிட் பலகையின் கம்பிக் கால்களெல்லாம் உப்புக்காற்றில் களிம்பேறிக் கிடந்தன.

"மச்சானுக்கு ஒண்டுமில்ல ராத்தா, பலகதான் பழுது" என்றவன், புதுப் பலகை ஒன்றைக் கொண்டுவந்தான். அதிலேயே இருந்த பச்சை விளக்கின் கால் நம்பரும் பழையதுபோலத்தான் என்று பார்த்து, பழைய புரோகிராமை அப்படியே ஏற்றினான்.

கரண்ட் கொடுத்ததுதான் தாமதம், ஏரியலை மாட்டுமுன்னமே பச்சை பளிச்சென்று பத்தியது.

"பாத்தியா, உன்ட மச்சானுக்கு எவ்வளவு அவசரம்!" அழுத கண்ணோடு சிரித்தாள் றுக்ஸானா.

இன்று காலை மீனவர் சங்கத்துச் சீனித்தம்பிக் காக்கா வந்தார். அந்தக் கடலைத் தாங்கக்கூடிய படகு ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருந்தது. ஸஹீத் வலை விட்டது தெற்கே, ஸைனுலாப்தீன் வடக்கே.

"எந்தப் பக்கம் போறது தங்கச்சி?"

"வடக்க போங்க காக்கா. எங்கட ஆள் இங்க கிட்டத்தான் எங்கயோ நிக்கார். ஸுஹைறா ராத்தாட மனுசன முதல்ல பாருங்க, பாவம்."

ஸுஹைறா அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். படகு வடக்கே போனது.

மதியம் லுஹர் பாங்கு சொல்லும் நேரம் அஹ்ஸன் வந்தான். கையில் அந்தப் பழைய பலகை. முகத்தில் பொட்டு இரத்தமில்லை.

"தேடப் போன ஆக்கள் எந்தப் பக்கம் ராத்தா?"

"வடக்க. நான்தான் அனுப்பினன். ஏன்டா?"

அவன் நேரே போய்ப் பெட்டியின் ஏரியலைப் பிடுங்கினான்.

"யா அல்லாஹ், அணைஞ்சிருமேடா!" பதறிப் பாய்ந்தாள் றுக்ஸானா.

அணையவில்லை. பச்சை அப்படியே எரிந்தது.

"புதுப் பலகையில விளக்க மாத்திக் கட்டியிரிக்கானுகள் ராத்தா. காலுக்குக் கரண்ட் வராட்டித்தான் பத்தும். சிக்னல் வந்தா அணைஞ்சிரும். நான் அதப் பாக்காம பழைய புரோகிராமப் போட்டுட்டன்."

அடுப்பில் ஆணம் பொங்கி வழிந்தது. றுக்ஸானா அதை இறக்கவில்லை.

"அப்ப... நேத்து அணைஞ்சது?"

அஹ்ஸன் பழைய பலகையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"கடையில போட்டுப் பாத்தன். அதுக்கு ஒரு பழுதும் இல்ல ராத்தா."